ஒரு வாக்கியம் சரியா என்று யாரிடம் கேட்பது?

மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம்.

"அவள் கடைக்கு போனால், நான் வீட்டில் இருந்தேன்."

"ஒவ்வொரு மாணவர்களும் தங்கள் புத்தகங்களை கொண்டுவர வேண்டும்."

"ஊரிலிருந்து வந்த அண்ணனின் நண்பர் இன்று கிளம்பிவிட்டார்."

மூன்றிலும் ஏதோ இடிக்கிறது. முதல் வாக்கியத்தில் 'போனாள்' இருக்க வேண்டிய இடத்தில் 'போனால்' வந்திருக்கிறது. 'கடைக்கு' என்பதை அடுத்து ஒரு 'ப்' விட்டுப்போயிருக்கிறது. இரண்டாவது, 'ஒவ்வொரு' என்று ஒருமையில் தொடங்கி 'மாணவர்களும்' என்று பன்மைக்குத் தாவுகிறது. 'புத்தகங்களை' அடுத்து 'க்' இல்லை. மூன்றாவதில் எழுத்துப் பிழை ஏதும் இல்லை, எழுவாயும் பயனிலையும் பொருந்துகின்றன. ஆனால் ஊரிலிருந்து வந்தவர் அண்ணனா, நண்பரா? எழுதியவருக்குத் தெரியும். படிப்பவருக்குத் தெரியாது.

தமிழில் எழுதும்போது இப்படி ஒரு வாக்கியத்தில் சந்தேகம் தட்டினால் கேட்பதற்கு இன்று பல வழிகள் உண்டு. இலக்கணப் புத்தகம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிழைதிருத்திகள், சாட்ஜிபிடி போன்ற ஏஐ செயலிகள், தெரிந்த தமிழாசிரியர், காசு கொடுத்தால் மெய்ப்புப் பார்ப்பவர். எது நல்லது என்று மொத்தமாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. மேலே உள்ள மூன்றும் மூன்று வகைப் பிழைகள். ஒன்றைக் கண்டுபிடிக்கும் உதவி அடுத்ததைத் தவறவிடும். அதனால் எந்த வகைச் சந்தேகம் என்று முதலில் தெரிந்துகொண்டு அதற்கேற்ற இடத்துக்குப் போவதுதான் வழி. கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

செலவே இல்லாத ஒன்றிலிருந்து தொடங்கலாம்: வாய்விட்டுப் படிப்பது. தமிழில் இதற்கு ஒரு தனி வலிமை உண்டு. வல்லினம் மிகுவதும் மிகாததும் காதில் கேட்கும் விஷயம். 'அந்தப் பையன்' என்று சொல்லும்போது உதடு அழுத்தமாக மூடித் திறக்கிறது. ஒற்றில்லாமல் 'அந்த பையன்' என்றால் ஒலி மெலிந்து வேறொன்றாகிவிடும். "தம்பிக்கு வேலை கொடுத்தான்", "தம்பிக்கு வேலைக் கொடுத்தான்" இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் கிடைத்தது உத்தியோகம். இரண்டாவதில் கைக்கு வந்தது முருகன் கையில் இருக்கும் வேல். தமிழ் பேசி வளர்ந்த காது இதைப் பிரித்துவிடும், விதி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒருமை பன்மைத் தாவலும் மெதுவாகப் படித்தால் பெரும்பாலும் பிடிபடும்.

ஆனால் ல, ள, ழ மூன்றையும் பேச்சில் ஒன்றாக உச்சரிப்பவர்களுக்கு 'போனால்', 'போனாள்' வேறுபாடு காதில் விழாது. ன, ண குழப்பமும் அப்படியே. பனியும் பணியும், மனமும் மணமும் வாய்விட்டுப் படித்தால் ஒன்றுபோலவே போய்விடும். இன்னொரு சிக்கல், பிறமொழிச் சொற்கள். 'அந்த பஸ்' என்று எழுதுவதா, 'அந்தப் பஸ்' என்று எழுதுவதா? விதிப்படி 'ப்' வர வேண்டும். ஆனால் பஸ் என்பதன் முதல் ஒலி மெல்லியது. ஒற்றுப் போட்டுப் படித்தால் நாம் சொல்லும் பஸ்ஸே மாறிவிடுகிறது. அதனால் நல்ல எழுத்தாளர்கள் பலர் அங்கே ஒற்றைத் தவிர்க்கிறார்கள். தமிழாசிரியர்கள் பலர் அதைப் பிழை என்கிறார்கள். என் கருத்து, எழுதும் இடத்தின் வழக்கத்தைப் பின்பற்றி, ஒரே கட்டுரைக்குள் மாறாமல் இருந்தால் போதும்.

அடுத்து, புத்தகம். "நன்னூலைப் பார்" என்று யாராவது சொல்வார்கள். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய அந்த நூலில் எழுத்ததிகாரம், சொல்லதிகாரம் என்று இரண்டு பகுதிகள். சொற்கள் சேரும்போது என்ன நடக்கும், வினைமுற்று எப்படி அமையும் என்பதற்கு இன்றும் அதுவே ஆணிவேர். ஆனால் சந்தேகத்தோடு நிற்பவருக்கு நேரே பயன்படும் வடிவத்தில் அது இல்லை. நூற்பாவைப் படித்து, உரையைப் படித்து, விதிவிலக்குகளைச் சேர்த்துத்தான் விடைக்கு வர வேண்டும். வாக்கிய அமைப்புக்கென்று தனி இயலும் அதில் கிடையாது. நம் மூன்றாவது வாக்கியத்தை எடுத்துக்கொண்டு நன்னூலில் தேடினால் நாள் போய்விடும்.

வல்லினச் சந்தேகம் மட்டும்தான் என்றால் தமிழ்நாட்டுப் பள்ளித் தமிழ்ப் பாடநூல் போதும். வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள் என்று ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் எடுத்துக்காட்டுகளோடு வரிசையாக இருக்கின்றன. பிடிஎஃப் ஆக இலவசமாகவும் கிடைக்கிறது. பெரியவர்கள் பாடநூலைத் திறக்கத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். ஐ உருபுக்கும் கு உருபுக்கும் பின் மிகும், அந்த இந்த எந்தவுக்குப் பின் மிகும், வந்த, போன போன்ற பெயரெச்சத்துக்குப் பின் மிகாது, 'ஓடாத குதிரை'யில் மிகாது, 'ஓடாக் குதிரை'யில் மிகும்: இந்த அளவு தெரிந்தாலே அன்றாட எழுத்தில் வரும் ஒற்றுப் பிழைகளில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இன்னும் ஆழமாக, இன்றைய தமிழை இன்றைய எடுத்துக்காட்டுகளோடு விளக்கும் நூல் வேண்டுமென்றால், இலங்கைப் பேராசிரியர் எம். ஏ. நுஃமானின் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' இருக்கிறது. வாக்கியம் எப்படி அமைகிறது என்பதையும் பேசும் நூல் அது. பழைய இலக்கண நூல்களையும் உரைகளையும் தேடுபவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் உண்டு.

புத்தகத்தின் பலம், அது காரணம் சொல்லும். பலவீனம், உங்கள் பிழை எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 'ஒவ்வொரு மாணவர்களும்' என்பதில் பிழை இருப்பதாகத் தோன்றாதவர் எந்தப் பக்கத்தைப் புரட்டுவார்?

கூகுளில் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடி, எந்த வடிவம் அதிகம் வருகிறது என்று பார்க்கும் பழக்கமும் பலருக்கு உண்டு. சொற்சேர்க்கை புழக்கத்தில் இருக்கிறதா என்று அறிய அது உதவும். சரியா என்று அறிய உதவாது. 'வாழ்த்துக்கள்' எவ்வளவு வருகிறது என்று தேடிப் பாருங்கள். 'வாழ்த்துகள்' என்பதே சரி என்று எத்தனை ஆசிரியர்கள் சொல்லி ஓய்ந்திருக்கிறார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பிழைதிருத்திகளுக்கு வருவோம். ஆங்கிலத்துக்கு கிராமர்லி என்ற பிழைதிருத்தி இருப்பதுபோல் தமிழுக்கு ஒன்று இருக்கிறதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்த அளவில் இல்லை. அதற்குக் காரணம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. தமிழில் ஒரு வினைச்சொல் காலம், இடம், எண், எச்சம், எதிர்மறை, துணைவினை என்று ஏற்றுக்கொண்டு ஆயிரக்கணக்கான வடிவங்கள் எடுக்கும். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது ஒரே சொல். சொற்பட்டியலை வைத்து ஒப்பிடும் கருவி இதன் முன் திணறிவிடும். வேர்ச்சொல்லையும் ஒட்டுகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கருவிதான் தாக்குப்பிடிக்கும்.

அப்படிச் செய்யும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. நீச்சல்காரன் என்ற பெயரில் எழுதும் கணினித் தமிழ் ஆர்வலர் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழைகளைக் காட்டுகிறது. அவருடைய நாவி சந்திப்பிழைகளை, அதாவது ஒற்றுப் பிழைகளைக் காட்டுகிறது. இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் பயன்படுத்தலாம். பேராசிரியர் ந. தெய்வசுந்தரம் குழுவினரின் மென்தமிழ் சொல்லாளர் என்ற மென்பொருளும் இந்தத் துறையில் முக்கியமானது. தனி மனிதர்களும் சிறு குழுக்களும் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கொடுத்தவை இவை. தமிழில் எழுதுகிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது பயன்படுத்திப் பார்க்க வேண்டும். நீளமான கட்டுரையில் கண் சோர்ந்து விட்டுவிட்ட ஒற்றுகளைப் பொறுக்குவதற்கு இவற்றைவிட வேகமான உதவி இல்லை. 'கடைக்கு போனால்' என்பதில் விட்டுப்போன 'ப்', 'புத்தகங்களை கொண்டுவர' என்பதில் விட்டுப்போன 'க்' போன்றவை இந்த வகைக் கருவிக்கென்றே அமைந்த வேலை.

ஆனால் 'போனால்' என்பதை என்ன செய்யும்? சொல்லைத் தனித்தனியாகப் பார்க்கும் எந்தக் கருவிக்கும் அது பிழையாகத் தெரியாது. 'போனால்' அகராதியில் நிற்கக்கூடிய நல்ல சொல். முன்னால் 'அவள்' இருக்கிறது, பின்னால் 'இருந்தேன்' என்று இறந்தகாலம் இருக்கிறது, ஆகவே இங்கே நிபந்தனை பொருந்தாது என்று வாக்கியம் முழுவதையும் பார்த்தால்தான் தெரியும். அரை, அறை, வலி, வழி, வளி, பரவை, பறவை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். 'வேலை கொடுத்தான்' போன்ற இடத்தில் கருவி ஒற்றைப் பரிந்துரைத்தாலும் பரிந்துரைக்காவிட்டாலும் முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள். சிவப்புக் கோடு இல்லை என்பதை வைத்து வாக்கியம் சரி என்று நம்பிவிடக் கூடாது. இந்த நம்பிக்கையோடு அச்சுக்குப் போன அழைப்பிதழ்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

நடைமுறைச் சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். டிடிபி கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறார்கள். அவை எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு அல்ல. அந்தக் கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினால் கருவிக்குக் கிடைப்பது ஆங்கில எழுத்துகளின் குவியல்தான். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அதைவிட, கடைக்குக் கொடுக்கும் முன்பே உங்கள் கைபேசியில் யூனிகோடில் எழுதிச் சரிபார்த்துக்கொண்டு, கடையில் தட்டச்சு ஆனதை மறுபடி கண்ணால் ஒப்பிடுவது நல்லது. இலங்கை வாசகர்களுக்கு இன்னொன்று. 'ரெலிபோன்', 'றேடியோ' என்று உங்கள் வழக்கப்படி எழுதுவதைத் தமிழ்நாட்டு வழக்கை வைத்துச் செய்த கருவி பிழை என்று காட்டக்கூடும். அதற்காக உங்கள் எழுத்துமுறையை மாற்றத் தேவையில்லை.

சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றைப் பற்றி இரண்டு எதிர்க்கருத்துகள் உலவுகின்றன. எல்லாம் தெரியும் என்று சிலர், தமிழே தெரியாது என்று சிலர். இவை வாக்கியம் முழுவதையும் பார்ப்பவை. அதனால் 'அவள் போனால், நான் இருந்தேன்' என்பதன் பொருந்தாமையைச் சுட்டும் வாய்ப்பு அதிகம். 'ஒவ்வொரு மாணவர்களும்' என்பதையும் பெரும்பாலும் பிடித்துவிடும். ஏன் என்று கேட்டால் எளிய தமிழில் விளக்கமும் கிடைக்கும், இரவு பதினொரு மணிக்குக்கூட.

ஆனால் ஒற்றில்தான் எச்சரிக்கை வேண்டும். ஒரே பத்தியில் ஓரிடத்தில் ஒற்றுப் போட்டு, அதே விதி பொருந்தும் அடுத்த இடத்தில் விட்டுவிடும். அதைவிடக் கவலை தருவது, இல்லாத விதியை உறுதியான குரலில் சொல்வது. நன்னூல் நூற்பா என்று ஒன்றை எழுதிக் கொடுத்தால் அதை மின்னூலகத்தில் தேடிப் பார்க்காமல் நம்பாதீர்கள். கேட்கும் விதத்துக்கேற்பச் சாய்வதும் உண்டு. "இது தவறுதானே?" என்று கேட்டால் தவறு என்று சொல்லக் காரணம் தேடும், "இது சரிதானே?" என்று கேட்டால் சரி என்று சொல்ல. அப்புறம், "திருத்து" என்று மட்டும் சொன்னால் பிழையில்லாத இடத்தையும் சேர்த்து மாற்றிவிடும். உங்கள் வட்டாரச் சொல், நீங்கள் வேண்டுமென்றே வைத்த பேச்சு வழக்கு, வாக்கியத்தின் ஓட்டம் எல்லாம் வழவழப்பாகிப் போய்விடும். தமிழ் எழுத்தில் இன்று நான் அதிகம் வருந்துவது இதற்காகத்தான். ஒற்று விட்டுப்போன ஒரு வாக்கியத்தில் எழுதியவரின் குரலாவது இருக்கும்.

எனவே இவற்றிடம் கேட்கும்போது, "வாக்கியத்தை மாற்றாதே, பிழை இருந்தால் எந்த இடம், ஏன் என்று மட்டும் சொல்" என்று கேளுங்கள். சொன்ன காரணத்தைப் பாடநூலோடு ஒப்பிடுங்கள். இன்னொரு நல்ல கேள்வியும் உண்டு: "இந்த வாக்கியத்துக்கு எத்தனை விதமாகப் பொருள் கொள்ளலாம்?" நம் மூன்றாவது வாக்கியத்தைக் கொடுத்து இப்படிக் கேட்டால்தான் அண்ணனா நண்பரா என்ற சிக்கல் வெளியே வரும். "சரியா?" என்று கேட்டால் சரி என்றுதான் பதில் வரும், ஏனென்றால் இலக்கணப்படி அது சரிதான்.

மனிதர்களிடம் போவதென்றால், முதலில் நினைவுக்கு வருபவர் தமிழாசிரியர். ஒற்று, ஒருமை பன்மை, ஒரு ஓர் வேறுபாடு போன்றவற்றில் நல்ல தமிழாசிரியரை மிஞ்ச எந்தக் கருவியும் இன்று இல்லை. கேட்ட கேள்விக்கு விடை சொல்வதோடு, "ஐயா, இது ஏன் மிகாது?" என்று கேட்டால் அடுத்த முறை நீங்களே கண்டுபிடிக்கும்படி சொல்லிக் கொடுத்துவிடுவார். ஆனால் அவர் எந்தத் தமிழை அளவுகோலாக வைத்திருக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். 'அது உண்மை அல்ல' என்று எழுதினால் மரபு தெரிந்த ஆசிரியர் 'அன்று' என்று திருத்துவார். ஒருமைக்கு அன்று, பன்மைக்கு அல்ல என்பது மரபு விதி. இன்றைய உரைநடையில் 'அல்ல' இரண்டுக்கும் நிலைபெற்றுவிட்டது. கட்டுரைப் போட்டிக்கோ தேர்வுக்கோ எழுதுகிறீர்கள் என்றால் ஆசிரியர் சொல்வதைக் கேளுங்கள். சிறுகதைக்குள் ஒரு பாத்திரம் பேசுவதையும் அவர் அதே பேனாவால் திருத்தினால், நன்றி சொல்லிவிட்டு நீங்கள் எழுதியதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மெய்ப்புப் பார்ப்பவர், அச்சுலகில் சொல்வதுபோல் புரூஃப் பார்ப்பவர், வேறு ரகம். ஒற்றை வாக்கியத்துக்காக அவரிடம் போக முடியாது. பக்கக் கணக்கில் வேலை செய்பவர். புத்தகம், ஆண்டுமலர், மலிவாக அச்சிட்டாலும் ஆயிரம் பேர் கைக்குப் போகும் துண்டறிக்கை என்றால் அவருக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. எழுத்து விடுபட்டது, ஒரே பெயர் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருப்பது, வரி உடைந்த இடத்தில் ஒற்று தனித்து நிற்பது எல்லாம் அவர் கண்ணில் படும். வாக்கியம் என்ன சொல்ல வருகிறது என்று நிறுத்திக் கேட்பது பெரும்பாலும் அவர் வேலையில் வராது. கொடுக்கிற கூலிக்கும் கெடுவுக்கும் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அது எடிட்டரின் வேலை.

அண்ணனின் நண்பருக்கு உண்மையான உதவி, விஷயமே தெரியாத ஒரு வாசகர்தான். அவருக்கு இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் யாரிடமாவது வாக்கியத்தை நீட்டி, "ஊரிலிருந்து யார் வந்தது?" என்று கேளுங்கள். "சரியா இருக்கா?" என்று கேட்டால் நாகரிகத்துக்காக "நல்லா இருக்கு" என்பார்கள். என்ன புரிந்தது என்று கேட்டால் உண்மை வந்துவிடும். அண்ணன்தான் வந்தவர் என்று அவர் சொல்லி, நீங்கள் நினைத்தது நண்பரை என்றால், 'அண்ணனின் நண்பர் ஊரிலிருந்து வந்திருந்தார். இன்று கிளம்பிவிட்டார்' என்று பிரித்து எழுதிவிடலாம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடிதத்தில் இந்தக் குழப்பம் வந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்துவிடும். உயிலில் வந்தால்? "என் மூத்த மகனின் பிள்ளைகளுக்கும் மகளுக்கும் சமமாகச் சேர வேண்டியது" என்று எழுதி ஒருவர் காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எந்த மகள்? எழுதியவரின் மகளா, மூத்த மகனின் மகளா? 'மூத்த மகனின்' என்பது 'பிள்ளைகளுக்கும்' வரை மட்டும் போகிறதா, 'மகளுக்கும்' வரை நீள்கிறதா என்பதை இலக்கணம் தீர்த்துவைக்காது. பிழைதிருத்திக் கருவி இதில் கோடு போடாது. தமிழாசிரியர் ஒற்றுகளைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுப்பார். பங்கு கேட்டு நிற்கும் இரண்டு குடும்பமும் அதே வாக்கியத்தைத் தங்களுக்குச் சாதகமாகப் படிக்கும். இப்படிப்பட்ட ஆவணத்துக்கு வழக்கறிஞரை விட்டு வேறு வழி தேடாதீர்கள். அவரிடமும், ஒவ்வொருவர் பெயரையும் உறவையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். அடுத்தவருடைய சொத்து விவரம் உள்ள ஆவணத்தை எந்த இணையக் கருவியிலும் ஒட்டாமல் இருப்பதும் முக்கியம்.

சரி, அன்றாட எழுத்துக்கு நான் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று கேட்டால்: முதலில் வாய்விட்டு ஒருமுறை படிப்பேன். ஒற்றில் சந்தேகம் என்றால் நாவி, அது காட்டுவதற்குக் காரணம் புரியவில்லை என்றால் பாடநூல். வாக்கியம் எங்கோ இடிக்கிறது, எங்கே என்று தெரியவில்லை என்றால் ஏஐயிடம் இடத்தை மட்டும் காட்டச் சொல்வேன். நாலு பேர் பார்க்கப் போவது என்றால் கட்டாயம் ஒரு மனிதர். வேலைக்கான விண்ணப்பம், அழைப்பிதழ், கல்வெட்டு, பெயர்ப்பலகை எல்லாம் இதில் அடக்கம். கல்லில் வெட்டியபின் ஒற்றுச் சேர்க்க முடியாது.

யார் திருத்தித் தந்தாலும் திருத்திய வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடி படியுங்கள். இரண்டாவது வாக்கியத்தில் 'ஒவ்வொரு மாணவரும்' என்று திருத்தினால் பின்னால் இருக்கும் 'தங்கள்' இடிக்கும். அதை 'தம்' என்று மாற்ற வேண்டும். மாற்றினால் அறிவிப்புப் பலகைக்கு அது கொஞ்சம் விறைப்பாகத் தோன்றலாம். அதற்குப் பதில் முதல் சொல்லை மட்டும் மாற்றி "எல்லா மாணவர்களும் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவர வேண்டும்" என்று எழுதினால், அந்த 'க்' தவிர வேறெதையும் தொட வேண்டியதில்லை.